கரட்டுப்புதூரின் ஒரே ஆட்சேபணை

சுருளிவேலுக்குச் சீராக வந்த மோட்டார், கல்யாணமான நாள் முதல் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது.

மற்ற மாப்பிள்ளைகளுக்குக் கட்டில் வந்தது, பீரோ வந்தது, வசதியான இடமென்றால் சைக்கிள் வந்தது. சேவுகம்பட்டி ஆவுடையப்பன் மட்டும் தம் ஒரே மகள் அய்யம்மாளோடு மூன்று குதிரைச் சக்தி மின்சார மோட்டார் ஒன்றைச் சீராக அனுப்பினார். சந்தனம் தடவி, மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, மேளத்தோடு வந்து இறங்கியது அது. குஜிலியம்பாறைப் பக்கம் பெண் கொடுக்கிறோமே, அங்கே தண்ணீர் பாதாளத்தில் கிடக்கிறதே, கமலை இறைக்கும் மாட்டின் பின்னால் நடந்து நடந்து மகள் தேய்ந்து போவாளே என்பது அவர் பயம்.

"கரண்டு வந்துக்கிட்டே இருக்கு மாமா. பக்கத்து ஊரு வரைக்கும் கம்பம் எறக்கிட்டாக" என்று பெண் பார்க்கப் போன அன்றே சுருளிவேல் சொல்லியிருந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. கம்பம் இறக்கியிருந்தார்கள். இறக்கிய கம்பம் இறக்கிய இடத்திலேயே கிடந்தது. அந்த ஊர் ஆட்டுக்குட்டிகள் அதன்மேல் ஏறிக் கீழே விழாமல் நடந்து பழகியிருந்தன.

மோட்டாரும் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது. அய்யம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் அதன் கோணிச்சாக்கை விலக்கிக் குங்குமம் வைத்தாள். மற்ற நாளில் அதன்மேல் ஈரச்சேலை உலர்த்தினாள். விருந்தாளி வந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தாள்.

"பாத்து உக்காருங்க, ஓடிறப் போகுது" என்று பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கேலி பேசுவாள்.

மோட்டார் வீட்டில் உட்கார்ந்திருக்க, கிணற்றில் மாடுகள்தான் இறைத்தன. மாடுகள் சரிவில் முன்னால் நடந்தால் வடக்கயிற்றில் கட்டிய சால் என்னும் பெரிய வாளி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பின்னால் நடந்தால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். ஒரு பாத்தி மிளகாய் நனைவதற்குள் மாட்டுக்கும் மனுஷனுக்கும் முன் எது, பின் எது என்பது மறந்துபோகும். இரண்டில் ஒரு மாடு கிழடு. அது சரிவின் பாதியில் நின்றுவிட்டால், பாரம் கொடுப்பதற்காக யாராவது வடத்தின்மேல் உட்கார வேண்டும்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆவுடையப்பன் மகளைப் பார்க்க வந்தபோது, வடத்தின்மேல் உட்கார்ந்திருந்தவள் அய்யம்மாள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பம்.

ஆவுடையப்பன் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, ஏழாம் மாசம் வளைகாப்புக்கு வாரேன். அன்னைக்கு இந்த மோட்டார் ஓடணும். ஓடலையின்னா எம் மகளையும் மோட்டாரையும் ஒரே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன். பிள்ளை பெத்த பெறகும் அனுப்ப மாட்டேன். எங்க ஊருல கரண்டு இருக்கு, தண்ணி இருக்கு. நீங்க வேணும்னா அங்க வந்து இருங்க."

வீட்டோடு மாப்பிள்ளை! சுருளிவேலுக்குக் காது சுட்டது. வண்டி போனதும் அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ என்ன சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இந்த ஊருதான் பிடிச்சிருக்கு. ஆனா எங்கப்பா சொன்னா சொன்னதுதான்" என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "திண்டுக்கல்லுக்குப் போயி என்னான்னு ஒரு எட்டு கேட்டுட்டு வாங்களேன்" என்றாள்.

கேட்கப் போனான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குச் சனி.

மின்சார இலாகாவில், தங்கள் பக்கம் எல்லாம் தயார் என்றார்கள். தண்டவாளத்துக்கு மேலே கம்பி போக ரயில்வே சம்மதித்துவிட்டது. தந்திக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். ரோடு, வாய்க்கால், புறம்போக்கு எல்லாவற்றுக்கும் சம்மதம் வந்தாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: மின்பாதை இயற்கை நல மன்றம்.

சில வருஷங்களுக்கு முன் ஏற்பட்ட மன்றம் அது. ஓர் ஊரின்மேல் மின்சாரக் கம்பி போனால் அங்குள்ள மரம், மட்டை, பறவை, கால்நடை, காற்று, மனித மனம் ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிவதே அதன் வேலை. நல்ல எண்ணத்தில் ஏற்பட்டதுதான். மலைக்கோட்டைக்குப் பின்புறம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. பங்களாவுக்கு மின்சாரம் கிடையாது. தெருவிலிருந்து ஒரு கம்பியை உள்ளே இழுக்க மன்றத்தின் அனுமதி வேண்டும். மன்றம் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்வது நெறியாகாது என்று தலைவர் கருதினார். ஆகவே பட்டப்பகலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று எரிய, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே மின்சாரத்தை ஆராய்ந்தார்கள்.

தலைமைக் குமாஸ்தா சோலைமுத்து, சுருளிவேலை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்.

"கரட்டுப்புதூரா? தெரியுமே! காக்கை ஆராய்ச்சி நடந்த ஊராச்சே!"

சுருளிவேலுக்கும் அது நினைவிருந்தது. போன பங்குனியில் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். கம்பிமேல் காக்கை உட்காருமா, உட்கார்ந்தால் அதன் குணம் மாறுமா என்று பார்ப்பதற்காக இரண்டு மூங்கிலை நட்டு நடுவே கயிறு கட்டினார்கள். கீழே ஜமுக்காளம் விரித்துக் காத்திருந்தார்கள். காக்கைகள் வந்தன. ஆனால் கயிற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. எல்லாம் ஜமுக்காளத்தில் இருந்த புளியோதரைக்கே வந்தன. பிறகு சுருளிவேலின் கிழட்டு மாட்டின் முன்னால் ஒரு முழம் கம்பியை நீட்டிப் பார்த்தார்கள். மாடு அதை நக்கிவிட்டு நகர்ந்துகொண்டது.

"அந்த அறிக்கை வந்திருச்சுங்களா சார்?"

"வந்திருச்சு. கம்பி இல்லாத காரணத்தால் காக்கை கம்பியில் உட்காரவில்லைன்னு முடிவாயிருக்கு. மாட்டோட கருத்து தெளிவா இல்லே. ஆனா அதெல்லாம் தடை இல்லேப்பா. தடை வேற."

"என்ன சார்?"

"உங்க ஊர்லேருந்து ஒரு ஆட்சேபணைகூட வரலையே!"

சுருளிவேல் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தான். "எப்பிடி சார் வரும்? ஊரே கரண்டு வேணும்னு தவமில்ல கெடக்கு!"

சோலைமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுதான் கோளாறு. அனுமதி உத்தரவுல ஒரு பத்தி இருக்கு: 'வந்த ஆட்சேபணைகளும், அவை நிராகரிக்கப்பட்ட காரணங்களும்.' நிராகரிக்கிறதுக்கு ஒண்ணாவது வேணாமா? வெறும் பத்தியோட உத்தரவு போட முடியுமா? பக்கத்து தாலுகாவுல ஒரு ஊரு ஆட்சேபணையே இல்லாம மூணு வருஷமாக் கெடக்கு, பாவம்."

அதற்குள் உள்ளேயிருந்து தலைவரே வெளியில் வந்தார். கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு. வியர்வை ஆறாக ஓடியது. சுருளிவேல் எழுந்து கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். மாமனார், மோட்டார், வளைகாப்பு, எல்லாம். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேசினார்.

"தம்பி, மக்களின் குரலைக் கேட்பதற்காகவே இந்த மன்றம் இருக்கிறது. உங்கள் ஊர் மக்கள் 'வேண்டும், வேண்டும்' என்கிறார்கள். அது குரல் ஆகுமா? அது ஆசை. 'வேண்டாம்' என்று ஒருவன் சொன்னால்தான் அது குரல். அந்தக் குரலைப் பொறுமையோடு கேட்டு, சீர்தூக்கி, பிறகு தள்ளுபடி செய்கிறோமே, அதுதான் ஜனநாயகம். தள்ளுபடி செய்ய எங்களுக்கு ஒரு வாய்ப்பே தராமல் அனுமதி மட்டும் கேட்டால் எப்படி?"

தலைவர் உள்ளே போனதும் சோலைமுத்து சுருளிவேலின் காதருகே குனிந்தார்.

"நீயே ஒண்ணு போட்டுரு."

"என்னது?"

"ஆட்சேபணை. ஒப்புக்குத்தான். ஊருக்கு வந்து விசாரணை வைப்பாங்க. நீ 'வேணாம்'னு சொல்லுவே. தள்ளிருவாங்க. மறுவாரம் கம்பம் நட்டுறலாம்."

குஜிலியம்பாறை பஸ்ஸில் திரும்பி வரும்போது சுருளிவேலுக்கு இது ஏதோ தெரிந்த விஷயம் போலத் தோன்றியது. வேடசந்தூர் தாண்டும்போது பிடிபட்டுவிட்டது. இது மாமன் முறுக்கு அல்லவா!

அவர்கள் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, தாய்மாமன் முறுக்கிக்கொள்ளாமல் நடக்காது. மரியாதை பற்றவில்லை, சந்தனம் சரியாகக் கொடுக்கவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் பந்தலை விட்டு எழுந்து போய்த் தூரத்தில் உட்கார்ந்துகொள்வான். வெற்றிலைத் தட்டோடு மூன்று முறை போய்க் கெஞ்சுவார்கள். முதல் இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடவை எழுந்து வரவேண்டும். முதல் தடவையிலேயே எழுந்து வருகிறவனை ஊர் சிரிக்கும். மாமன் நன்றாக முறுக்கினால்தான் மருமகளுக்கு மதிப்பு. போன வைகாசியில் அக்காள் மகளின் காதுகுத்தில் சுருளிவேல் முறுக்கிய முறுக்கை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வரவழைத்திருந்தான்.

"இதுக்கா இம்புட்டு நாளு காத்திருந்தோம்!" என்று அய்யம்மாளிடம் சொல்லிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "அவுகளுக்கு இந்த முறை தெரியுமா?"

"தெரியாமயா? படிச்சவுக!"

"எதுக்கும் ரொம்ப முறுக்காதீக."

எதைச் சொல்லி ஆட்சேபிப்பது என்று யோசித்தான். அவன் கொல்லையின் நடுவே, கம்பி வரவேண்டிய வழியில், ஓர் ஒதிய மரம் நின்றது. உள்ளே கூடு விழுந்த மரம். பலகைக்கு ஆகாது, உத்தரத்துக்கு ஆகாது. அடுப்பில் வைத்தால் புகை மட்டும் வரும். அதற்காக ஒருவன் மின்சாரத்தைத் தடுக்கிறான் என்றால் பச்சைக் குழந்தைகூடத் தள்ளுபடி செய்துவிடும். மனு எழுதிப் போட்டான்.

விசாரணை நாளில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். ஊரே வந்தது. விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆகவே கூத்துப் பார்க்கிற சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவரும் உறுப்பினர்களும் இளநீர் குடித்து முடித்ததும் சோலைமுத்து கூப்பிட்டார்:

"ஆட்சேபணைதாரர் சுருளிவேல்!"

சுருளிவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். மெதுவாகத் தொடங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த தாய்மாமன் விழித்துக்கொண்டான்.

"எங்க பாட்டன் வச்ச மரமுங்க அது" என்றான். குரல் தானாகத் தழுதழுத்தது. "எங்கப்பன் அதுக்குக் கீழதான் தவழ்ந்தாரு. நானும் அதுக்குக் கீழதான் தவழ்ந்தேன். நாளைக்கு எம் பிள்ளை எங்க தவழும்? கரண்டுக் கம்பத்துக்குக் கீழயா? எனக்கு வெளிச்சம் வேணாம்! மோட்டாரு வேணாம்! அந்த மரத்துமேல கோடாலி விழுந்தா, அது எங்கழுத்துல விழுந்ததாத்தான் அர்த்தம்!"

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று பந்தலை விட்டு வெளியேறினான். எதிரே வேப்பமரத்தடியில் போய், பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பந்தலில் ராக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். "காதுகுத்தவிட நல்லாப் பண்றான்" என்றாள்.

சுருளிவேல் காத்திருந்தான். முதல் அழைப்பு வரட்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டாவதுக்கு லேசாகக் கழுத்தைத் திருப்பலாம். மூன்றாவதுக்கு எழுந்து, "சரி, ஊருக்காக ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிடலாம்.

ஒரு அழைப்பும் வரவில்லை. வந்தது கைதட்டல்தான்.

திரும்பிப் பார்த்தான். தலைவர் எழுந்து நின்றிருந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் உத்தியோக வாழ்க்கையில் இப்படியொரு ஆட்சேபணையைக் கேட்டதில்லை. இத்தனை ஊரில் எத்தனையோ பேர் ஆட்சேபித்தார்கள். நிலம் போகிறது என்றார்கள், கிணறு போகிறது என்றார்கள், வீடு போகிறது என்றார்கள். எல்லாம் சுயநலம். எல்லாவற்றையும் நாங்கள் தள்ளுபடி செய்தோம். இவரோ எந்தப் பயனும் இல்லாத ஒரு மரத்துக்காகப் பேசுகிறார். இதுவரை மன்றம் ஓர் ஆட்சேபணையைக்கூட ஏற்றதில்லை என்று சென்னையில் எங்களைக் குறை சொல்கிறார்கள். இனி சொல்ல முடியாது. ஆட்சேபணை முழுமையாக ஏற்கப்படுகிறது! மின்பாதை இந்த ஊரைத் தொடாமல் சுற்றிப் போகும்!"

சுருளிவேல் எழுந்து ஓடி வந்தான். "சார்! செத்த பொறுங்க! ஒரு வார்த்தை சமாதானம் சொல்லக் கூடாதா? கூப்பிட்டா வந்திருப்பேனே!"

"சமாதானமா? உங்களிடமா? உங்கள் கொள்கையை நாங்கள் விலை பேசுவோமா?" என்று தலைவர் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். கோட்டுப் பொத்தான் சுருளிவேலின் நெஞ்சில் குத்தியது.

ஜீப் தெரு முனை தாண்டும் வரை ஊர் பொறுத்திருந்தது. பிறகு பேசியது. அதையெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை. ராக்கம்மாள் சொன்னதை மட்டும் சொல்லலாம்: "ஏலே சுருளி, நாசமாப் போறவனே, ஒனக்கு யாருடா நடிக்கச் சொல்லிக் குடுத்தது?"

மறுநாளே திண்டுக்கல்லுக்கு ஓடினான். சோலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒப்புக்குத்தானேப்பா சொன்னேன்? எனக்கே அழுகை வந்திருச்சே!"

"சார், நான் ஆட்சேபணையத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"ஏத்துக்கிட்ட பெறகு எப்பிடித் திரும்ப வாங்குவே?"

"அப்ப அப்பீல் போடுறேன்."

"அப்பீலு பாதிக்கப்பட்டவன்தான் போடலாம். நீ ஜெயிச்சவன். ஜெயிச்சவன் அப்பீல் போட விதி இல்லே."

"சரி, ஊருக்காரக போடுவாக. அவுகதானே பாதிக்கப்பட்டவுக?"

"ஊருக்காரங்க விசாரணையிலே வாயத் தொறந்தாங்களா? இல்லையே! ஆட்சேபிக்காதவன் அப்பீல் போட முடியாது. ஆட்சேபிச்சவன் ஜெயிச்சுட்டான். விதியிலே சந்து பொந்தே இல்லேப்பா. நல்லா எழுதியிருக்காங்க" என்றார் சோலைமுத்து. அவர் குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதோடு விட்டார்களா? மன்றம் முதன்முதலாக ஓர் ஆட்சேபணையை ஏற்றதைக் கொண்டாடத் திண்டுக்கல்லில் ஒரு விழா எடுத்தார்கள். வாடகைக்கு எடுத்த மண்டபம். அங்கே மின்சாரம் இருந்தது. வண்ண விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன. சுருளிவேலுக்குப் பொன்னாடை போர்த்தி, பேசச் சொன்னார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு கரண்டு வேணுமுங்க. எம் பொண்டாட்டி ஆறு மாசம். கிணத்துல மோட்டாரு ஓடணுமுங்க" என்று கெஞ்சினான்.

தலைவர் மைக்கை வாங்கினார். "கேட்டீர்களா? மின்சாரத்தின்மேல் இவருக்கு எவ்வளவு ஆசை! அவ்வளவு ஆசையையும் ஒரு மரத்துக்காகத் துறந்திருக்கிறாரே!" கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மோட்டாரின்மேல் போட்டான். அய்யம்மாள் சோற்றைப் போட்டாள். கத்தரிக்காய் வெஞ்சனத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கை தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தது.

"இந்தாங்க, அந்த மரம் இருக்கங்காட்டித்தானே கம்பி வர மாட்டேங்குது?"

"ஆமா."

"மரம் இல்லாட்டி?"

சுருளிவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கை கழுவிவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். ஒதியம் வாழைத்தண்டு போல வெட்டுப்பட்டது. பொழுது சாய்வதற்குள் மரம் தரையில் கிடந்தது. ராக்கம்மாள்கூட அவனிடம் பழையபடி பேசினாள். "இப்பத்தாண்டா ஆம்பளை" என்றாள்.

தகவல் எட்டித் தலைவர் ஜீப்பில் பறந்து வந்தார். விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"யார் செய்தது?"

ஊர் ஒன்றாகச் சொல்லிற்று: "காத்துங்க."

"காற்றா?"

"பேய்க் காத்துங்க சார்" என்றாள் அய்யம்மாள். ஆறு மாத வயிற்றோடு முன்னால் வந்து நின்றாள். "மரம்தான் போச்சுங்களே. இனிமே கம்பிய இந்த வழியா விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "அம்மா, மரத்தை இழந்த சோகத்தில் நீங்கள் விரக்தியாகப் பேசுகிறீர்கள். மன்றம் உங்களைக் கைவிடாது. காற்று ஒன்றை வீழ்த்தினால், நாம் ஒன்பதை எழுப்புவோம்!"

ஒதியத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கிளையை வெட்டி எங்கே நட்டாலும் வேர் பிடித்துவிடும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் வேலிக்கு அதையே ஊன்றுவார்கள். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. தலைவரோடு வந்த உறுப்பினர் ஒருவர் தாவர நூல் படித்தவர். அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அன்று மாலைக்குள் மரத்தின் கிளைகளையெல்லாம் முழம் முழமாகத் தறித்தார்கள். சுருளிவேலின் கொல்லையில், மிளகாய்ப் பாத்திகளின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக ஊன்றினார்கள். நாலு பக்கமும் முட்கம்பி கட்டி, ஒரு பலகையும் நட்டார்கள்: 'மன்றத்தின் காப்புத் தோப்பு. உழுவதும் வெட்டுவதும் மேலே கம்பி இழுப்பதும் குற்றம்.'

"நீங்கள் இனி இதன் காவலர்" என்று தலைவர் சுருளிவேலின் தோளைத் தட்டினார். "தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒன்று பட்டுப்போனாலும் மன்றம் நடவடிக்கை எடுக்கும். உங்களுக்குக் கிணறு இருக்கிறது அல்லவா?"

"இருக்குங்க."

"மோட்டார்?"

"அதுவும் இருக்குங்க."

"பிறகென்ன கவலை!" என்று சொல்லித் தலைவர் ஜீப்பில் ஏறினார்.

சுருளிவேல் தண்ணீர் ஊற்றினான். காலையில் கிழட்டு மாட்டை வதைத்து இறைத்த நீர் முதலில் ஒதியங்கொம்புகளுக்குப் போயிற்று. மிச்சமிருந்தால் மிளகாய்க்கு. மிச்சம் இருக்கவில்லை. மிளகாய் காம்போடு சுருண்டது. கொம்புகள் ஒவ்வொன்றாகத் துளிர்த்தன. வாரம் ஒருமுறை மன்றத்து ஆள் வந்து துளிர்களை எண்ணிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனான்.

ஒரு நாள் காலை கிழட்டு மாடு சரிவில் மடங்கி உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. அய்யம்மாள் வடத்தின் பக்கம் நடந்து வந்தாள். சுருளிவேல் குறுக்கே நின்று மறித்தான்.

"நீ வராதே."

"பின்ன யாரு உக்காருவா?"

"யாரும் வேணாம்."

இருவரும் கிணற்று மேட்டில் வெயிலில் நின்றார்கள். அவள் அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். வேர்வையா வேறெதுவா என்று அவளும் கேட்கவில்லை.

வளைகாப்பு அன்று ஆவுடையப்பன் சொன்னபடி வண்டியோடு வந்தார். வந்தவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். முட்கம்பியைப் பார்த்தார், பலகையைப் படித்தார். மாப்பிள்ளையைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"மாப்ளே, இது என்ன வெள்ளாமை?"

"ஜெயிச்சதுங்க மாமா" என்றான் சுருளிவேல்.

கண்ணாடி வளையல் குலுங்க அய்யம்மாள் வண்டியில் ஏறினாள். மோட்டாரைத் தூக்கி வைத்தது சுருளிவேல்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. வண்டி கிளம்பும்போது அவன் மிச்சமிருந்த ஒற்றை மாட்டை அவிழ்த்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினான். வேலியோரத்தில் நின்ற ராக்கம்மாள், "ஏலே, தோப்புக்குத் தண்ணி?" என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. வண்டிக்குள்ளிருந்து அய்யம்மாள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"ஜீப்புல வருவாகள்ல அக்கா, அவுகளையே எறைச்சு ஊத்தச் சொல்லுங்க!"

சேவுகம்பட்டியில் எலக்ட்ரீசியன் வந்து இரண்டு மூன்று முறுக்கு முறுக்கினான். அவ்வளவுதான் வேலை. பொத்தானை அய்யம்மாள் அழுத்தட்டும் என்றார் ஆவுடையப்பன். அழுத்தினாள். இத்தனை காலம் சேலை உலர்த்திய அந்த இரும்பு, ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்த வேகத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் நனைந்துபோனார்கள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சுருளிவேலின் கால்கள் தாமாகவே பின்னால் இரண்டு அடி வைத்தன. சால் கொட்டியாயிற்று, இனி மாட்டைப் பின்னுக்கு நடத்த வேண்டும் என்று கால்களுக்குப் பழக்கம். அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அய்யம்மாள் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் தொட்டியருகே இழுத்து வந்தாள்.

"பின்னால போக வேணாங்க. அது பாட்டுக்கு வரும்."

அவன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். மாமனார் பக்கத்தில் நின்று, "எப்பிடி மாப்ளே?" என்று பெருமையோடு கேட்டார்.

"நல்லா இருக்குங்க மாமா" என்றான்.

அவர் நகர்ந்த பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னான்: "நம்ம கிணத்துத் தண்ணி இதவிட ருசி."

"தெரியும்" என்றாள் அய்யம்மாள்.